சுவிசேஷம் யாருக்கு? திண்டிவனத்தில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு

சென்னையிலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த ஊருக்குப் பஸ் ஏறினாலும் திண்டிவனம் வழியில் வரும். திருச்சி, மதுரை போறவங்களுக்கு அது ஒரு மேம்பாலம். பாண்டிச்சேரி போறவங்களுக்கு இடது பக்கம் திரும்புற இடம். இன்னும் கொஞ்ச நேரம் போனா விழுப்புரம் ஜங்ஷன். இந்த ரெண்டு ஊர்லயும் இறங்கிச் சுத்திப் பார்த்தவங்க நம்மில் ரொம்பக் கம்மி. ஆனா இன்னைக்கு நாம பேசப் போற கேள்விக்கு இந்த வட்டாரத்தை விட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடைக்கிறது கஷ்டம்.

கேள்வி இதுதான். எவாஞ்சலைசேஷன்னு சொல்றாங்களே, அது என்ன? புராட்டஸ்டன்ட் சபைகளில் 'சுவிசேஷம் அறிவித்தல்' என்பார்கள். கத்தோலிக்கர்கள் 'நற்செய்தி அறிவிப்பு' என்பார்கள். வாட்ஸ்அப்பில் தேடினா ரெண்டு பதில் கிடைக்கும். ஒண்ணு, 'ஆசை காட்டி மதம் மாத்துறது'. இன்னொண்ணு, 'அவங்க வரலைன்னா நமக்கு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஏது?'. ரெண்டு பதிலும் எதிரெதிரா நிக்கிற மாதிரி தெரியும். ஆனா ரெண்டிலும் கதாநாயகன் ஒரே ஆள்தான், கப்பலில் வந்த வெள்ளைக்காரர். ஒரு பதிலில் வில்லன், இன்னொண்ணில் ஹீரோ, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட ஆள் என்ன நினைச்சார், அதை வச்சு என்ன செஞ்சார் என்பது ரெண்டிலும் கிடையாது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வரலாற்றைப் பார்த்தா, சுவிசேஷம் என்ற சொல்லுக்கு அர்த்தம் கொடுத்ததே அந்தக் கேட்ட ஆட்கள்தான் என்று எனக்குத் தோணுது. அதைத்தான் இந்த எபிசோடில் சொல்லப் போறேன்.

முதல்ல அந்தச் சொல். 'சு' என்றால் நல்ல, 'விசேஷம்' என்றால் செய்தி. 'வீட்டுல என்ன விசேஷம்?' என்று நாம கேக்கிறோமே, அதே விசேஷம். கிரேக்கத்தில் 'எவாங்கேலியோன்'. இதுவும் ஆரம்பத்தில் மதச் சொல் கிடையாது. போரில் ஜெயிச்ச சேதியை ஊருக்கு ஓடி வந்து சொல்றதுக்கும் அதே சொல்தான். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் பிரீனே என்ற பழைய நகரத்தில் கிமு 9ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு கிடைச்சிருக்கு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பிறந்த நாள்தான் உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம் என்று அதில் வெட்டியிருக்கு. பன்மையில், இதே சொல். அதாவது அரசாங்க அறிவிப்பு! அந்தப் பெரிய சொல்லை எடுத்து, ரோம ஆட்சி சிலுவையில் அறைஞ்ச ஒரு தச்சரைப் பற்றிப் பேச முதல் கிறிஸ்தவர்கள் பயன்படுத்தினார்கள் என்றால், அதில் எவ்வளவு துணிச்சல் இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பேரரசருக்கு நல்ல சேதி ஒண்ணு, அடிமைக்கு நல்ல சேதி வேற ஒண்ணு. நம்ம கதையிலும் அப்படித்தான் ஆகப்போகுது.

அறுபது கோடி கணக்கு

1819. நியூயார்க்கில் ஜான் ஸ்கடர் என்று ஒரு இளம் டாக்டர். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் ஒரு சின்ன பிரசுரம் கண்ணில் படுது. உலகம் முழுக்க அறுபது கோடிப் பேருக்கு இன்னும் சுவிசேஷம் போய்ச் சேரவில்லை, அவர்களுக்கு நம் மேல் உரிமை இருக்கு என்பது அதன் வாதம். அந்த வருஷமே மனைவியோடு கப்பல் ஏறிட்டார். வந்து சேர்ந்த இடம் யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பு. 1836இல் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து மிஷனரியாக வெளிநாடு போன முதல் டாக்டர் என்று அவரைச் சொல்வார்கள்.

இவருக்கு சுவிசேஷம் என்பது ஒரு கணக்கு. அறுபது கோடிக் காதுகள், ஒவ்வொரு காதிலும் சேதி விழணும். விழுந்துட்டா சொன்னவர் கடமை முடிஞ்சது. அதனால ஊர் ஊரா நடந்து, ஆயிரக்கணக்கில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். கிண்டல் பண்ணுறதுக்காக இதைச் சொல்லலை. அந்தக் காலத்துப் பல மிஷனரிகளின் புரிதல் இதுதான்.

அவர் மகன்கள் ஒருவர் பின் ஒருவராக மிஷனரி ஆனாங்க. அதில் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற மூணு பேர் சேர்ந்து 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினாங்க. அமெரிக்க சீர்திருத்த சபையின் மிஷன். வட ஆற்காட்டில் தொடங்கி, பிறகு தென் ஆற்காட்டின் திண்டிவனம் வரைக்கும் வந்தது. ஹென்றி பிறந்தது பண்டத்தரிப்பில். தமிழ் அவருக்குக் கற்றுக்கொண்ட மொழி இல்லை, விளையாடி வளர்ந்த மொழி. சந்தையில் நின்று பிரசங்கம் பண்ணுறவங்களுக்காகவே தமிழில் ஒரு புத்தகம் எழுதினார். அதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 1869இல் 'பஜார் புக்' என்ற பேரில் வந்தது. கூட்டத்தைப் பிடிக்க நம்ம ஊர்ச் செய்யுள்களையே எடுத்து வாதத்துக்குப் பயன்படுத்துற உத்தி அதில் இருக்கு. இன்னைக்கு மொழியில் சொன்னா, பயங்கரமா ஹோம்வொர்க் பண்ணியிருக்கார்.

இந்த மிஷன் ஆரம்பத்தில் வச்சிருந்த ஒரு கொள்கைதான் ஆச்சரியம். பிற மதப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது தங்கள் வேலை இல்லை என்று ஒதுங்கினார்கள். பக்கத்தில் சென்னையில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் இங்கிலீஷ் பள்ளி வச்சு, மேல்சாதிப் பையன்களைச் சேர்த்துக்கிட்டு இருந்தாங்க. ஸ்கடர்களோ, வாயால் தமிழில் சொல்வதுதான் சுவிசேஷம், மத்ததெல்லாம் அதைத் தள்ளிப் போடுகிற வேலை என்று நினைச்சாங்க. மாட்டு வண்டி, கூடாரம், சந்தை நாள், புளிய மரத்தடி. சொல்லிட்டு அடுத்த ஊர். 'மிஷன் ஸ்கூல்' என்ற சொல்லையே கேட்டு வளர்ந்த நமக்கு இது விநோதமா இருக்கும். பிறகு அந்தக் கொள்கை கரைஞ்சது. 1898க்குள் வேலூரில் இவர்களே கல்லூரி நடத்தினார்கள், இப்போதைய ஊரிஸ் கல்லூரி.

சொல்வது மட்டும் போதும் என்ற அந்த நம்பிக்கையைத் திண்டிவனத்தில் ஒரு ராத்திரி உடைத்தது. கொஞ்சம் நிதானமா அதைப் பார்க்கலாம்.

அந்த ராத்திரி

முதல் ஜான் ஸ்கடரின் ஒரு மகன் பேரும் ஜான்தான், அவரும் டாக்டர்தான். 1890 வாக்கில் அவர் திண்டிவனத்தில் மிஷனரி. அவர் மகள் ஐடா, 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்காவில் படிச்சுக்கிட்டு இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்ததால் திண்டிவனம் வந்தார். மிஷனரி வேலை மட்டும் வேணவே வேணாம் என்பதில் தெளிவா இருந்த பொண்ணு. அம்மாவைப் பார்த்துக்கிட்டு, கொஞ்ச நாளில் திரும்பிடணும் என்பதுதான் திட்டம்.

ஒருநாள் ராத்திரி கதவு தட்டுற சத்தம். வாசலில் ஒரு பிராமணர். மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியால முடியலை, நீங்க வந்து பாருங்க என்கிறார். எனக்கு மருத்துவம் தெரியாதே, அப்பாதான் டாக்டர், அவர் வருவார் என்கிறார் ஐடா. வேற்று ஆண் என் மனைவியைப் பார்க்கக் கூடாது, அதுக்கு அவள் சாவதே மேல் என்று அவர் திரும்பிப் போறார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தட்டல். இந்த முறை ஒரு முஸ்லிம். அதே பிரச்சினை, அதே பதில். மூணாவதா இன்னொருத்தர், மேல்சாதி இந்து. அவரும் அதே மாதிரி கேட்டுட்டு, அதே மாதிரி திரும்பிட்டார். விடியற நேரம் சாவு மேளம் கேக்குது. ஆள் அனுப்பி விசாரிச்சா, மூணு பெண்களும் இறந்துட்டாங்க. நான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சுட்டு வரேன் என்று அப்பா அம்மாகிட்ட ஐடா சொன்னது அந்தக் காலையில்தான்.

வேலூர் சி.எம்.சி.யில் இந்தக் கதை தெரியாத மாணவர் இருக்க மாட்டார். ஐடாவே பிற்காலத்தில் அமெரிக்க மேடைகளில் பலமுறை சொன்ன கதை. நிதி திரட்ட உதவிய கதை. அதனால் அதன் வடிவத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். ஒரே ராத்திரி, மூணு மதம் சாதி, மூணு தட்டல், மூணு சாவு. ஒரு பிரசங்கத்துக்குத் தேவையான கட்டுக்கோப்பு அதில் இருக்கு. இறந்துபோன மூணு பெண்களுக்கும் கதையில் பேர் கிடையாது. வாசலுக்கு வந்து பேசியது புருஷன்கள்தான். அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டிருந்தா, ஆண் டாக்டர் வேணாம்னு அவங்க சொல்லியிருப்பாங்களா?

ஆனா கதையின் பின்னணி முழுக்க நிஜம். 1885இலேயே சென்னையில் மேரி ஷார்லிப் என்ற பெண் டாக்டரின் முயற்சியில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை வந்துட்டது. திருவல்லிக்கேணியில் நம்ம பாட்டிகள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்வார்களே, இப்போதைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை, அதுதான். அங்கிருந்து திண்டிவனம் இன்றைக்கு மூணு மணி நேரப் பயணம் கூட இல்லை. அன்றைக்கு வலி எடுத்த ஒரு பெண்ணுக்கு அது வேற தேசம்.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். அந்த மூணு ஆண்களும் மிஷன் பங்களாவுக்கு எதுக்கு வந்தாங்க? அந்த வீட்டுக்காரர்கள் வருஷக்கணக்கா தெருவில் நின்று சொல்லிக்கிட்டு இருந்த சேதியைக் கேட்டா? இல்லை. அவங்களுக்கு அந்த வீட்டிலிருந்து வேண்டியது வேற ஒண்ணு. அதைக் கொடுக்கிற தகுதி அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. சொல்ல வாய் இருந்தது, செய்யக் கை இல்லை. ஐடாவுக்கு அன்றைக்குப் புரிஞ்சது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கே பட்டம் வாங்கின முதல் பெண்கள் வரிசையில் ஒருவர். ஷெல் என்ற ஒரு வங்கிக்காரர், இறந்துபோன மனைவி பேரில் 10,000 டாலர் கொடுத்தார். 1900 ஜனவரியில் இந்தியா வந்து சேர்ந்தார். சில மாசத்தில் அப்பா இறந்துட்டார். 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி.

அவரோடு அதே சமயம் இந்தியா வந்தவர் ஆனி ஹேன்காக் என்ற தோழி. ஐடாவின் வேலை வைத்தியம். ஆனியின் வேலை வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பைபிளைச் சொல்வது. அதாவது அப்பவும் சுவிசேஷமும் வைத்தியமும் ரெண்டு தனி வேலை, ரெண்டு தனி ஆள். மிஷன் ஆஸ்பத்திரிகளில் காலையில் காத்திருக்கிற நோயாளிகளுக்கு முதல்ல பைபிள் வாசிப்பு, அப்புறம்தான் மருந்து என்பது சகஜம். 'வைத்தியம் ஒரு தூண்டில்' என்று குற்றம் சாட்டுறவங்க இதைத்தான் காட்டுவாங்க. அது வெறும் கற்பனை இல்லை. மருத்துவமனை பலரைச் சபைக்குக் கொண்டுவரும் என்ற எதிர்பார்ப்பு மிஷன் தலைமையிடம் இருந்தது. ஆனா சி.எம்.சி.யில் வைத்தியம் பார்த்துக்கிட்ட லட்சக்கணக்கான பேரில் பெரும்பாலானவங்க எந்த மதத்தில் வந்தாங்களோ அதே மதத்தில்தான் வீட்டுக்குப் போனாங்க. தூண்டில் என்றால், மீன் பிடிக்காத தூண்டில். அந்த எதிர்பார்ப்பு பொய்யானபோதும் ஆஸ்பத்திரியை மூடலை என்பதுதான் எனக்கு முக்கியமாப் படுது. அந்த இடத்தில் சுவிசேஷம் என்பதன் அர்த்தம் சத்தமில்லாம மாறியிருக்கு.

வேதத்தில் சேர்ந்தவர்கள்

இதுவரைக்கும் நாம பார்த்தது தட்டியும் உள்ளே வராத கதவுகள். சரி, யார்தான் கிறிஸ்தவர் ஆனாங்க?

தெருவில் பிரசங்கம் கேட்டவங்க இல்லை. சேரியில் இருந்தவங்க. தென் ஆற்காடு, வட ஆற்காடு, செங்கல்பட்டு எல்லாம் மிராசுதார் நிலம், படியாள் உழைப்பு என்று இருந்த பூமி. படியாள் என்றால் வாங்கின கடனுக்கோ முன்பணத்துக்கோ தலைமுறை தலைமுறையா ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடக்கிற ஆள். பெரும்பாலும் பறையர் சமூகத்தினர். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கில் செத்தாங்க. ஐடா அப்போ சின்னக் குழந்தை, வாயில் ரொட்டியைத் தூக்கி வைக்கக்கூட தெம்பில்லாத பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிச்சு ஊட்டினது அவர் நினைவில் கடைசிவரை இருந்தது.

பஞ்சத்தை ஒட்டித்தான் மாகாணம் முழுக்கக் கூட்டம் கூட்டமா மக்கள் 'வேதத்தில் சேர்ந்தாங்க'. எங்க பக்கத்து கிராமங்களில் கிறிஸ்தவர் ஆவதற்கு இன்னைக்கும் அதுதான் சொல். சர்ச்சுக்கு வேதக்கோயில், கிறிஸ்தவர்களுக்கு வேதக்காரங்க. கவனிங்க, வேதம் கேட்கவே கூடாது என்று ஒதுக்கப்பட்டவங்க தங்களுக்கு வச்சுக்கிட்ட பேர் அது.

சோத்துக்குத்தானே மாறினாங்க? இந்தக் கேள்வி இன்றைக்கு ட்விட்டரில் மட்டும் வர்றது இல்லை. அன்றைய மிஷனரிகளையே தூங்க விடாத கேள்வி. ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பஞ்ச நிவாரணமாக பக்கிங்ஹாம் கால்வாயில் சில மைல் தூரம் வெட்டுற கான்ட்ராக்டை எடுத்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தார். நம்ம விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் வந்து முடியுதே, அதே கால்வாய்தான், ஆனா அவர் வெட்டினது வடக்கே ஆந்திராவில். பஞ்சம் முடியும்வரை ஒருத்தருக்கும் ஞானஸ்நானம் கிடையாது என்று அவர் பிடிவாதமா இருந்தார். கஞ்சிக்காக வர்றாங்களோ என்ற பயம். நிவாரணம் நின்ன பிறகும் மக்கள் வந்துக்கிட்டே இருந்தாங்க. 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க. கஞ்சித் தொட்டி காலியான பிறகு வந்த கூட்டம் இது.

அவங்க கேட்டது என்ன? ஒரு வாத்தியார். பிள்ளைகளுக்கு ஒரு கூரைப் பள்ளிக்கூடம். பண்ணையார் பொய்க் கேஸ் போட்டா கச்சேரிக்குக் கூட வந்து நிக்க ஒரு ஆள். முடிஞ்சா ஒரு துண்டு நிலம். மிஷனரிக்கு இது சங்கடம். அவர் ஆத்மாவைப் பற்றிச் சொல்ல வந்தவர். ஒரு சேரி மொத்தமா கூடிப் பேசி, முடிவெடுத்து, இப்படி ஒரு பட்டியலோட வந்தா, இது விசுவாசமா வேறயான்னு அவர் குழம்பினார். என் பார்வையில் குழப்பத்துக்கே இடமில்லை. தான் ஒரு மனுஷன் என்று முதல்முறையா ஒருத்தர் வந்து சொன்னா, அதைக் கேட்டவர் 'அப்படின்னா என் பிள்ளைக்கு எழுத்துத் தெரியணும், என் காலுக்குக் கீழே கொஞ்சம் மண் வேணும்' என்று எடுத்துக்கிறதுதான் இயல்பு. செய்தியைச் சரியாத்தான் கேட்டிருக்காங்க. சொன்னவருக்குத்தான் தான் சொன்னதன் அளவு தெரியலை.

மெல்ல மெல்ல சில மிஷனரிகளுக்கு அது விளங்கிச்சு. பக்கத்துச் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து, வெஸ்லியன் மிஷன்காரர்கள் சேரி மக்களின் நிலமில்லாக் கொடுமையைப் பற்றி அரசாங்கத்தை நச்சரிச்சாங்க. கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையும், 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கச் சொல்லி வந்த அரசாணையும் இந்தப் பின்னணியில் வந்தவைதான். 'அசுரன்' படத்தில் பஞ்சமி நிலம்னு கேட்டிருப்பீங்க. அதன் தொடக்கம் இது. இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாட்டைத் தாண்டி வந்த ஒரு விளைவு.

சுவரும் பந்தியும்

மதத்தில் சேர்ந்தாச்சு. சேதி சொன்ன அந்தக் கோயிலுக்குள்ளேயே நிலைமை எப்படி?

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும், புதுச்சேரிக்கு. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் 40 கிலோமீட்டர் சொச்சம்தான். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745இல் ஒரு சம்பவம் வருது. சம்பாக் கோயிலுக்குள்ளே பறையர் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரிச்சு ஒரு சுவர் இருந்தது. பறையர் கிறிஸ்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பெரிய பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் தனியா வைக்கணும் என்று கேட்டாங்க. பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார். எழுதி வச்சவர் கிறிஸ்தவர் இல்லை, அவருக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை என்பதால் எனக்கு இந்தக் குறிப்பு ரொம்பப் பிடிக்கும். அந்த வாதத்தையும் பாருங்க. பாதிரியார் சொன்ன சேதியை வச்சே பாதிரியாரை மடக்கியிருக்காங்க.

புராட்டஸ்டன்ட் பக்கம் சண்டை பந்தியில் நடந்தது. 1840களில் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன், ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும் என்று சொன்னது. பலர் வேலையை விட்டாங்க, சாதியை விடலை. 1850இல் சென்னையில் கூடின மிஷனரி மாநாடு சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானம் போட்டது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் மட்டும் ஒத்துக்கலை. சாதி ஒரு சமூக வழக்கம், அதை மதம் வலுக்கட்டாயமா உடைக்கக் கூடாது என்பது அவங்க கட்சி. அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் இதை எதிர்த்து வெளியே வந்தார். பண்ருட்டி பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் 'பெத்தானியா' என்று ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அவரை ஏத்துக்கிட்டது. அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்றைய ஆற்காடு லுத்தரன் சபை, திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி எல்லாம். இத்தனைக்கும் ஆரம்பப் புள்ளி ஒரே கேள்வி: சேதி சொல்லி முடிச்சாச்சு, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுறது?

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி சட்டத்துக்குள்ளும் வந்தது. அரசமைப்பின் 25ஆம் பிரிவில் மதத்தைப் 'பரப்பும்' உரிமை உண்டு. அந்த ஒரு சொல் இருக்கலாமா என்று 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் பெரிய விவாதம். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் வருஷக்கணக்கா படிச்சவன் நான், யாரும் என்னை மதம் மாத்தப் பார்க்கலை என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆதரவாப் பேசினார். சொல் நிலைச்சது. 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமைன்னா கருத்தைச் சொல்லும் உரிமை, இன்னொருத்தரை மதம் மாத்தும் உரிமை அல்ல என்றது. 2002இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அவரே வாபஸ் வாங்கினார். இந்த விவாதங்கள் எல்லாத்திலும் பேச்சு சொல்றவரின் உரிமையைப் பற்றித்தான்.

கேட்டவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொன்னது வேறொரு ஆணை. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவாக இருக்கிற வரைக்கும்தான் ஒருவர் பட்டியல் சாதி. பிறகு 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவர்களைச் சேர்க்கலை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்களுக்குக் கிடைப்பது பி.சி. ஒதுக்கீடு. அதாவது, வேதத்தில் சேர்ந்தா தீண்டாமை போயிடுது என்பது அரசாங்கத்தின் கணக்கு. பழைய மிஷனரிகள்கூட அவ்வளவு நம்பிக்கையாச் சொல்லியிருக்க மாட்டாங்க.

எறையூர். உளுந்தூர்பேட்டை பக்கம், அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், இப்போ கள்ளக்குறிச்சி. பெரிய கத்தோலிக்க ஊர். ஊரில் பெரும்பான்மை வன்னியர் கிறிஸ்தவர்கள். தலித் கிறிஸ்தவர்களுக்குக் கோயிலில் தனி இடம், தனிக் கல்லறை. சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாப் போகலாம் என்பதில் தகராறு. பல வருஷம் இது நீறுபூத்த நெருப்பாவே இருந்தது. 1975இல் ஆறாம் பவுல் என்ற போப்பாண்டவர், ஒடுக்கப்பட்டவர்களின் விடுதலையும் நற்செய்தி அறிவிப்போடு சேர்ந்ததுதான் என்று உலகத்துக்கே அறிவுரை மடல் எழுதியிருந்தார். அந்தச் சேதி எறையூர்த் தெருவுக்கு வந்து சேரலை.

கடைசியில் தலித் கிறிஸ்தவர்கள், தங்கள் பகுதியில் இருக்கிற சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிச்சு, எங்களுக்குன்னு ஒரு பங்குத் தந்தையைக் கொடுங்க என்று கேட்டாங்க. உண்ணாவிரதம் இருந்தாங்க. 2008 மார்ச் 9, தவக் காலத்து ஞாயிற்றுக்கிழமை, தலித் குடியிருப்பு தாக்கப்பட்டது, வீடுகள் சேதமாச்சு. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறிஸ்தவர்கள் ரெண்டு பேர் இறந்தாங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க. இத்தனைக்கு அப்புறமும் அவங்க கேட்டது மதத்தை விட்டுப் போற வழியை இல்லை. பூசை, பங்கு, பாதிரியார், எல்லாம் அதே சபைக்குள்ளே. 1745இல் சுவரைப் பற்றிக் கேட்டவங்க போய் நின்னது புதுச்சேரியில் பெரிய பாதிரியார் முன்னாடி. 263 வருஷம் கழிச்சு எறையூர்க்காரங்க கோரிக்கைக்குப் பதில் வர வேண்டிய இடமும் அதே புதுச்சேரிதான், பேராயர் இல்லம்.